அரிசி மூட்டைக்கு இடம் இருந்தது

சபையாரே, இதைச் சாந்தமாகச் சொல்ல எனக்கு வராது. இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. ஆனாலும் கர்த்தர் செய்ததை மறைத்தால் நான் நன்றிகெட்டவள்.

தொண்ணூற்றாறாம் வருஷம், மே விடுமுறை. அடையாறிலிருந்து நானும் என் கணவரும் மாலத்தீவுக்குச் சுற்றுலா போனோம். தி. நகர் டூர் கம்பெனி ஒன்று சின்ன விமானத்தை முழுசாக வாடகைக்குப் பேசியிருந்தது. 'தீவிலும் நம்ம ஊர் சாப்பாடு' என்று சமையல்காரரையும் அழைத்து வந்தார்கள். என் கணவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் இன்சுலின் போட்டாக வேண்டும். மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொள்கிறேன் என்று மீனம்பாக்கத்தில் கெஞ்சினேன். கம்பெனிக்காரன் கேட்கவில்லை. எல்லாப் பையும் விமானத்தின் அடியில் சாமான் அறையில்தான் என்று பிடுங்கிப் போட்டான்.

சாமான் பின்னால் வரும் என்று சொல்லி எங்களைப் படகில் தீவுக்கு அனுப்பினார்கள். சாமான் படகும் வந்தது. எங்கள் பை இல்லை. விமானத்தில் எடை கூடிவிட்டதாம், பாதிப் பைகளை மெட்ராஸிலேயே இறக்கிவிட்டார்களாம். அரிசி மூட்டை வந்திருந்தது. சாம்பார்ப்பொடி டின் வந்திருந்தது. தயிர் வைத்த ஐஸ் பெட்டிகூட வந்திருந்தது!

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம், அடுத்த ப்ளைட்ல வந்துடும்" என்றான் கூட வந்திருந்த கம்பெனிக்காரன். அடுத்த விமானம் மூன்று நாள் கழித்து. பளாரென்று ஒன்று விட்டிருப்பேன்.

மறுநாள் காலை அவருக்கு ஓயாத வாந்தி. நாக்கு குழறியது. தீவில் மருந்துக் கடை கிடையாது. கடல் கொந்தளிக்கிறது, படகு எடுக்க மாட்டோம் என்றார்கள். சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று கத்தினேன். "ஆண்டவரே, அரிசி மூட்டைக்கு இடம் கொடுத்தீரே, என் புருஷன் உயிருக்கு இடமில்லையா? நீர் இருக்கிறீரா, இல்லையா?"

சமையல்காரர் ஏழுமலை கரண்டியோடு ஓடி வந்தார். "இன்னாக்கா, ஏன் இப்டி கத்தினுகீற?"

அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"இன்சுலினா? எனக்கும் சக்கரை கீதுக்கா. தயிர் பொட்டில மருந்து வெச்சிகினு வந்துகீறேன். புது ஊசியும் கீது, எட்த்துக்கோ."

பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். என் கணவர் போடும் அதே மருந்து. எங்கள் பை வரும்வரை இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது. சாயங்காலம் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

ஊர் திரும்பியதும் கம்பெனி வாசலில் நின்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனால் அன்றோடு என் ஜெபம் மாறிவிட்டது. மனப்பாட வார்த்தைகளை விட்டுவிட்டேன். இருப்பதை இருந்தபடியே சொல்கிறேன்.

கோபம் ஆறட்டும், அப்புறம் ஜெபிக்கலாம் என்று யாரும் காத்திருக்காதீர்கள். நான் ஆறுகிறவரை காத்திருந்தால், இன்றைக்கு இங்கே தாலியோடு நின்றிருக்க மாட்டேன்.