யாருடையதோ ஒரு குசன் கதிரை

போர் முடிந்து, மீள்குடியேறி உடையார்கட்டுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் எங்களுடைய சாமான் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. கூரையில் பாதி இல்லை. மிச்சத் தகரங்களின் கீழே, யன்னலைப் பார்த்தபடி ஒரு குசன் கதிரை மட்டும் நின்றது. அது எங்களுடையது அல்ல. அயலில் கேட்டோம்; யாரும் தங்களுடையது என்று சொல்லவில்லை. கிழிந்த இருக்கைக்கு மேலே புது ரெக்சின் அடித்து நாங்களே பாவிக்கத் தொடங்கினோம். வேறு கதிரை இல்லாத காலம்.

என் கணவர் அதில் இருந்தால் எப்போதும் இடப்பக்கம் சரிந்துவிடுவார். நானும் அப்படித்தான். இருக்கை அந்தப் பக்கம் பள்ளமாகி, ஏதோ ஓர் உடம்பின் வாகுக்குப் பழகியிருந்தது. எங்கள் இருவருடைய உடம்பும் அல்ல.

இன்னொன்றும் உண்டு. வருடாவருடம் வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று எங்கள் வேலிக்கு வெளியே வெள்ளைச் சேலை கட்டிய வயதான பெண் ஒருவர் வந்து நிற்பார். வீட்டையே பார்ப்பார். படலையடிக்குப் போனால் ஆள் இருக்காது. "பஸ்ஸுக்கு நிக்கிற ஆளாயிருக்கும்" என்பார் கணவர். பஸ் நிற்கும் இடம் எங்கள் வீட்டடி இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

போன பொங்கலுக்குச் சற்று முன்னர், கணவர் இருந்த இருப்பில் இருக்கை அறுந்து கீழே இறங்கிவிட்டது. பொங்கலன்று அவருக்கு லீவு. காலையில் கதிரையை முற்றத்துக்குக் கொண்டுவந்து கவிழ்த்தோம். நாலு காலும் மேலே பார்க்க அது கிடந்த கிடை எனக்கு ஏனோ பிடிக்கவில்லை.

குறட்டால் ஆணிகளைப் பிடுங்கி அடித்துணியைக் கழற்றியதும் தும்பு உதிர்ந்தது. தும்பைத் தாங்கக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடித்திருந்த பட்டிகளில் சிலதான் பழைய சணல். மற்றதெல்லாம் சேலைத்துணி. நீளநீளமாகக் கிழித்து, பின்னி, இறுக்கி அடித்திருந்தது. ஒன்றைத் துடைத்தேன். மாந்தளிர் நிறம். கரையில் சின்னச் சின்ன அன்னம்.

"இஞ்சாருங்கோ, இது என்ர சீலை."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?"

"என்ர சீலைதான். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு எடுத்தது. அலுமாரிக்குள்ளை விட்டிட்டெல்லே ஓடினனாங்கள்."

அவர் வாங்கிப் பார்த்தார். செல் குண்டுகள் விழுந்த நாள்களில் யாரோ எங்கள் வீட்டில் இருந்து, எங்கள் அலுமாரியைத் திறந்து, ஒரு அவசரமும் இல்லாமல் என் சேலையைப் பின்னியிருக்கிறார்கள். பெண்பிள்ளைக்குத் தலை பின்னுவது போல, ஒவ்வொரு பின்னலும் ஒரே அளவு.

கடையில் வாங்கிய நைலோன் பட்டியை அடிக்கத் தொடங்கினோம். வலப்பக்கம் ஒழுங்காக ஏறியது. இடப்பக்கம் அடித்த ஆணியெல்லாம் பட்டியை இழுத்ததும் கழன்று வந்தது. கணவர் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார்.

"அந்தப் பக்கம் ஆணி நிக்காது தம்பி" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. "உள்மரம் உளுத்தது."

படலை திறந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. அதே வெள்ளைச் சேலை.

அவர் கதிரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "ஒவ்வொரு வரியமும் பொங்கலுக்கு வரேக்கை ரோட்டிலை நிண்டு பாத்திட்டுப் போயிடுவன். இண்டைக்கு இதை வெளியிலை கண்டிட்டன். உள்ளுக்கு வராமல் போகேலாமப் போச்சு."

வாங்கை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னேன்.

"மன்னார்ப் பக்கத்தாலை இடம்பெயர்ந்து வந்தனாங்கள், பிள்ளை. உங்கட வீடு திறந்து கிடந்தது, இருந்திட்டம். என்ர அவருக்கு முட்டு வருத்தம், மூச்சு எடுக்கேலாது. படுக்கேலாது, இருந்தபடிதான் நித்திரை. அதுதான் கதிரையையும் ட்ரக்டரிலை ஏத்திக்கொண்டு திரிஞ்சனாங்கள். இஞ்சை வந்து அறுந்துபோச்சு. உங்கட சீலையைக் கிழிச்சுப்போட்டன். குறை நினைக்காதையுங்கோ."

"சீலை கிடக்கட்டும் அம்மா. அவர் இப்ப எங்கை?"

கேட்காமல் விட்டிருக்கலாம்.

"பின்னி அடிச்சு, அதிலை இருத்தினன். கனநாள் இருக்கேல்லை. விடியப் பாக்க இடப்பக்கம் சரிஞ்சபடி இருந்தார். அதிலைதான் போனவர். செல்லடிக்குள்ளை தூரக் கொண்டுபோகேலாமப் போச்சு."

கணவர் சுத்தியலை மெல்ல நிலத்தில் வைத்தார்.

"ஒருக்கா பின்வளவுக்குப் போட்டு வரட்டே?" என்று கேட்டார் அந்த அம்மா. வழி காட்ட எழுந்தேன். தேவைப்படவில்லை. கிணற்றைச் சுற்றிக்கொண்டு நேரே தேசிமரத்தடிக்குப் போய் நின்றார்.

"இந்த மரம் அப்ப இல்லை" என்றார்.

இல்லைதான். மீள்குடியேறிய வருடம் நான் வைத்தது. வளவெல்லாம் மண் இறுகி மண்வெட்டி இறங்காமல் கிடந்தது. அந்த ஓரிடம் மட்டும் பொலபொலவென்று இருந்ததால் எலுமிச்சங்கன்றை அங்கே வைத்தேன். வஞ்சகமில்லாமல் காய்க்கிற மரம். ஊறுகாய் போட்டு அயலுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கீழே விழுந்து கிடந்த பழங்களில் இரண்டைப் பொறுக்கி, முகர்ந்து பார்த்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். "நல்லாக் காய்ச்சிருக்கு" என்றார்.

கதிரையைக் கொண்டுபோகச் சொன்னார் கணவர். அம்மா தலையை ஆட்டி மறுத்தார். "நீங்கள் இருங்கோ தம்பி. கதிரை இருக்கிறதுக்குத்தானே."

அம்மா போன பிறகு வேலையை விடவும் மனமில்லை, தொடரவும் மனமில்லை. கடைசியில் கணவர் உளுத்த சட்டத்தைக் கழற்றிவிட்டுப் பாலைமரத் துண்டொன்றை வைத்து அடித்தார். பட்டி ஏறியது. தும்பை அடைத்து ரெக்சினை இழுத்து மூடினோம். பின்னேரம் கதிரை நிமிர்ந்து நின்றது. சேலைப் பின்னல்களை எறிய முடியாமல் தோய்த்துக் கொடியில் போட்டேன்.

அடுத்த நாள் விடிய, தேசிமரத்துக்குத் தண்ணீர் விட வாளியோடு போனேன். வழக்கமாக மரத்தோடு ஒட்டி நின்றுதான் ஊற்றுவேன். அன்று எங்கே கால் வைப்பதென்று தெரியவில்லை. எட்ட நின்றே ஊற்றினேன். தண்ணீர் தேங்காமல் மடமடவென்று உள்ளே இழுபட்டுப் போனது.