பாவுக்குள் போன நோட்டு

ஆரணியில் கணினி சென்டர்கள் முளைக்கத் தொடங்கிய காலம். என் எம்ஃபில் ஆய்வுக்காக, எங்கள் வீட்டுத் தறியில் தினமும் எத்தனை இழை அறுகிறது என்று ஓராண்டு முழுக்க அண்ணி ஒரு நோட்டில் எழுதி வைத்தார். நெய்வதும் அவர், எண்ணுவதும் அவர். பட்டம் மட்டும் எனக்கு.

சென்டரில் உட்கார்ந்து அந்த எண்களை ஏற்றினேன். பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு நாள் கணக்கையும் ஒரு தரவுப்பொருளாக்கி, எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கோத்து, அதையும் சுருக்கி ஃபிளாப்பியில் அடைத்தேன். பெருமையில் தலைகால் புரியவில்லை எனக்கு. நோட்டு இனி எதற்கு? தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு. அதை உருளையில் சுற்றும்போது இழை அடுக்குகள் ஒன்றில் ஒன்று புதையாமலிருக்க இடையிடையே தாள் வைப்பார்கள். "பழைய தாள் இருந்தா குடுப்பா" என்று அண்ணி கேட்டதும் நோட்டைக் கிழித்து நானே நீட்டினேன்.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள் இருந்தபோது ஃபிளாப்பியைப் போட்டேன். திறக்கவில்லை. கணினி அதில் எழுதி முடிக்குமுன்பே உருவியிருக்கிறேன், அவசரக்குடுக்கை. வெறும் எழுத்தாக வைத்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். சுருக்கிய கோப்பில் வால் அறுந்தால் தலையையும் மீட்க எனக்குத் தெரியவில்லை. சென்டர் கணினியிலும் பழையதையெல்லாம் துடைத்துவிட்டிருந்தார்கள். தவணை தப்பினால், தருவதாகச் சொல்லியிருந்த கல்லூரி வேலை இன்னொருவருக்குப் போய்விடும். வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணி தறியில் இருந்தார். மூன்று புடவைக்கான பட்டுப் பாவு உருளையில் இறுகச் சுற்றியிருந்தது. என் ஓராண்டு அதற்குள்ளே.

"அவுத்தா இழையெல்லாம் சிக்கிக்கும், அப்புறம் நெய்ய முடியாது" என்றார். தறியை நிறுத்தினார். "ஆனா உனுக்குப் பொழப்பாச்சே. சொல்லு, அவுத்துடறேன்."

அவிழ்த்துவிடுங்க என்று வாய் வரை வந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்புதான்.

"வேணாங்க அண்ணி" என்றேன்.

பாவு நகர நகரத் தாள் ஒவ்வொன்றாக விழும். அதற்காக அவர் சோறு தண்ணி மறந்து, இராப்பகலாக வேகவேகமாக நெய்தார். கெடு நாளன்று என் கையில் இருந்தவை பதினொரு தாள்கள். அவற்றால் ஒன்றும் ஆகவில்லை, வேலை போயிற்று.

அன்று மாலை அண்ணி பன்னிரண்டாவதாக ஒரு தாளைக் கொடுத்தார். புதுத்தாள். "இந்தப் பத்து நாளும் எழுதிகினுதான் வந்தேன்" என்றார். நாளுக்கு இரண்டு மூன்று இழை அறுகிற தறியில் இருபது, இருபத்தாறு, முப்பத்தொன்று என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்க எனக்கு எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.