பூட்டிய பிறகு அடித்த வெயில்

"பா, சூரியன் போகுது, சீக்கிரம் எடுங்கலா!" என்றாள் மகள். பூலாவ் பெசார் தீவில் கடல் சிவந்திருந்தது. கேமராவைத் தூக்கினேன், மேகமொன்று சூரியனை மூடியது.

வெள்ளையர் ஆட்சியில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், லூபோக் சீனா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் என் அப்பாதான் கேட் காவல். பொழுது சாய்ந்ததும் முள்வேலிக் கதவைப் பூட்டி, சாவியைப் போலீஸிடம் கொடுத்துவிட வேண்டும். ஒருநாள் மேகத்தை இருட்டென்று நம்பி முன்னதாகவே பூட்டிவிட்டார். விறகுச் சுமையோடு வந்த சித்தி வெளியே நின்றாள். மேகம் விலகியது, அவள் முகமெல்லாம் வெயில்.

"மாமா, பொழுது இன்னும் நிக்குது பாருங்க!"

"சாவி போயிருச்சு. திரும்பக் கேட்டா என் வேலை போயிரும்லா. அங்கேயே உக்காரு, அசையாதே."

இருட்டினால் வேலிக்கு வெளியே அசைவதைச் சிப்பாய்கள் சுடுவார்கள். சித்தி அசைந்திருக்கிறாள்.

அப்பா சாகும்வரை அந்த மேகத்தைத்தான் திட்டினார்.