போத்தலுக்குப் பின்னால் இருந்த கோடு

எத்தாளையில் என் வீட்டைப் போல் இன்னொரு வீடு இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொல்வதைச் சொல்கிறேன். மன்னாரிலிருந்து ஒரு உரப்பையோடு வந்து கிடுகுக் கொட்டிலில் கிடந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. மேசன்மாருக்குக் கல் சுமந்து, கரண்டி பிடிக்கப் பழகி, ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிய பிறகுதான் எனக்கென்று ஒன்று கட்டினேன். எங்கள் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். எனக்கு இரண்டு பெண்கள். மற்றவர்களாக இருந்தால் இரண்டு சின்ன வீடு கட்டியிருப்பார்கள். நான் நடுவில் பெரிய ஹோல் வைத்து ஒரே வீடாகக் கட்டினேன். இரண்டு மருமகன்மாரும் ஒரே விறாந்தையில் செருப்புக் கழற்ற வேண்டும் என்று ஆசை.

ஆனால் குசினியும் ஒன்று. மூத்தவள் வைத்த சட்டியை இளையவள் நகர்த்தினாள் என்று தொடங்கியது, ஹோலுக்கு நடுவில் ஒரு சுவர் வைத்துத் தாருங்கள் என்பதில் வந்து நின்றது. நான் உயிரோடு இருக்கும்வரை என் வீட்டை யாரும் இரண்டாக்க முடியாது என்றேன்.

அந்த மாரியின் முதல் மழைக்கு, மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது, விறாந்தை லைற்றடியில் சிறகு முளைத்த இரண்டு முசுறு எறும்பு ராணிகள் விழுந்து கிடந்தன. பின் வளவு மாமரத்தில் பூச்சித் தொல்லை. முசுறு குடியேறிய மரத்தை வேறு பூச்சி அண்டாது. இதெல்லாம் எனக்கு யாரும் படிப்பித்துத் தந்ததில்லை. இரண்டையும் ஒரு ஜாம் போத்தலில் விட்டு, ஈரப் பஞ்சும் மாவிலையும் வைத்து, வாயைத் துணியால் கட்டினேன். ஒன்று போதாதா, இரண்டும் கடித்துக்கொண்டு சாகும் என்றாள் மனைவி.

சாகவில்லை. சிறகை உதிர்த்துவிட்டு ஒரே இலையடியில் முட்டையிட்டன. எது யாருடையது என்று தெரியாதபடி ஒரே குவியல். ஒரு மாதத்துக்கு மேல் தீன் தண்ணீர் தேடாமல் இரண்டும் சேர்ந்து அதைக் காத்தன.

இதைவிட எனக்கு என்ன சாட்சி வேண்டும்? போத்தலை ஹோல் சுவரில் நடுவாக இருந்த தட்டில் வைத்தேன். அசைந்தால் ராணி தன் முட்டையைத் தானே தின்றுவிடும், அதனால் யாரும் தொடக்கூடாது என்று கட்டளை. ஒவ்வொரு நாளும் மகள்மாரைக் கூப்பிட்டு, அறிவில்லாத சீவன், ஒரு சண்டை உண்டா என்று கேட்பேன். போத்தலைப் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போவார்கள். சுவர்க் கதையும் நின்றுபோனது. வென்றுவிட்டேன் என்று பள்ளிவாசலில் சொன்னேன். கண் காட்டச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பக்கத்துக் கதிரையில் இருந்த சிங்கள மனிதருக்கும் அவருடைய பாஷையிலேயே விளங்கப்படுத்தினேன்.

பிறகு குஞ்சு எறும்புகள் வந்தன, உப்புக் கல் அளவில், வெளிறிப்போய். துணியை விலக்கி விரல் நுனியால் சீனித் தண்ணீர் வைத்தேன். ஒரு கிழமை போயிருக்கும். சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்க்கிறேன், பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள் ஒரு ராணியைக் கால் வேறு கொம்பு வேறாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. அது அவற்றின் தாயாகவும் இருக்கலாம். மற்ற ராணி இலையடியில் அசையாமல் இருந்தது. மத்தியானம் லுஹருக்குள் எல்லாம் முடிந்தது.

செத்ததை எடுத்துப் போட அன்றுதான் போத்தலைத் தட்டிலிருந்து தூக்கினேன். பின்னால் சுவரில் ஒரு சாண் நீளத்துக்குப் பென்சில் கோடு, குறுக்கே சின்ன வெட்டு. எதிர்ச் சுவரில் கலண்டரைத் தூக்கினேன். அங்கேயும் அதே கோடு, அதே வெட்டு. என்னிடம் வேலை பழகிய மேசன் பாஸ்தான் அப்படி வெட்டுவான். அப்படி வெட்டப் பழக்கியவன் நான்.

மனைவி மறைக்கவில்லை. நான் சிலாபம் போன அன்று அவன் வந்து சுவருக்கு அளந்திருக்கிறான். மகள்மார் ஆளுக்கொரு முனையில் நூல் பிடித்திருக்கிறார்கள். ஒரு நாளும் சேர்ந்து ஒரு பானை இறக்காதவர்கள்.

"போத்தலத் தூக்கினது ஆரு?"

"நான்தான். முட்ட கலங்கக் கூடாதெண்டு ரெண்டு கையாலயும் புடிச்சிட்டு நிண்டேன்."

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமப் போச்சா?"

"எங்க சொல்ல? வாயத் துறந்தா எறும்பக் காட்டுறீங்க."

தூக்குக் குண்டு நூல் விட்டுப் பார்த்தேன். கோட்டில் ஒரு மயிரிழை பிசகில்லை. பிசகு இருந்திருந்தால் அவனைக் கூப்பிட்டு ஏசியிருப்பேன். அதற்கும் வழியில்லை.

சுவரை நானே கட்டினேன். வேறு கை என் வீட்டைத் தொட நான் விடவில்லை. மூன்றாவது கல் வரிசையில் நிறுத்தி, கதவு ஒன்றாவது வைப்போமா என்று கேட்டேன்.

"கதவு வச்சா சுவர் என்னத்துக்கு வாப்பா?" என்றாள் மூத்தவள். இளையவள் தலையாட்டினாள்.

மிஞ்சிய ராணியையும் குஞ்சுகளையும் மாமரத்தில் விட்டேன். இப்போது மரம் முழுக்க முசுறுக் கூடு. காய் பழுதில்லை, ஆனால் கை வைத்தவனைக் கடித்துக் கிழித்துவிடும். அந்த மரத்தில் ஏற இந்த ஊரிலேயே என்னைத் தவிர ஆளில்லை. மாங்காய் வேண்டுமென்றால் இரண்டு பக்கத்தாரும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிறார்கள், தனித்தனியாக.