வருட பாஸ் கவுன்ட்டரில் நான் கேட்ட கேள்வி

போன வருடம் மே மாதம், கேரளாவில் ஒரு தீம் பார்க்கின் டிக்கெட் கவுன்ட்டர் முன்னால் நடந்தது இது. நாங்கள் பாம்பன்காரர்கள். என் கணவர் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் இரண்டு மாதம் படகைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கும் அப்போதுதான் பள்ளி விடுமுறை. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து எங்காவது போவதென்றால் அந்த இரண்டு மாதத்தில்தான் போக வேண்டும்.

கவலைப்படுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. கடலுக்குக் கிளம்புகிறவரிடம் எப்போது திரும்புவீர்கள் என்று எங்கள் வீட்டில் கேட்க மாட்டோம். அவர் "வாரேன்" என்பார், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இன்ஜின் நின்றுபோய் அவருடைய படகு இரண்டு நாள் கழித்துத்தான் கரைக்கு வந்தது. அந்த இரண்டு நாளும் நான் படகுத் துறையில்தான் கிடந்தேன். அதிலிருந்து 'அடுத்த மாதம்' என்று சொல்லக்கூட எனக்கு நாக்கு வராது. கிறிஸ்துமஸ் துணியைக் கடைசி வாரத்தில்தான் எடுப்பேன். பிள்ளைகள் அதற்காக என்னைக் கேலி செய்வார்கள்.

அப்படிப்பட்ட என்னைக் கொண்டுபோய் 'வருட பாஸ்' என்று பெரிதாக எழுதிய பலகை முன்னால் நிறுத்தினால் எப்படி இருக்கும்? இரண்டு தடவை வந்தாலே போட்ட காசு வந்துவிடும் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு பனியன் வாங்க அரை மணி நேரம் பேரம் பேசுகிற மனிதர், அதைப் பார்த்ததும் மறு பேச்சில்லாமல் நாலு பேருடைய ஆதாரையும் வெளியே எடுத்துவிட்டார். எங்கே இருக்கிறது பாம்பன், எங்கே இருக்கிறது கேரளா, இந்த மனிதருக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கோபம் கோபமாக வந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் செங்கோட்டைப் பக்கமாம், நன்றாகத் தமிழ் பேசினாள். ஒவ்வொரு கார்டிலும் அவரவர் போட்டோ இருக்கும், ஒருவர் கார்டில் இன்னொருவர் வர முடியாது என்று விளக்கினாள். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்மா, நாலு பேர்ல ஒருத்தரு வர முடியாமப் போயிட்டா அந்தக் கார்ட என்ன செய்யிறது?"

கேட்டு முடித்த பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. ஆறாவது படிக்கும் என் மகள் சட்டென்று அப்பா முகத்தைப் பார்த்தாள். ஆதாரை நீட்டிய அவர் கை அப்படியே நின்றது. இத்தனை வருடம் வீட்டில் கேட்காமல் அடக்கி வைத்ததை, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் கேட்டுவிட்டேன். எங்களுக்குப் பின்னால் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்தது.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, திரும்ப எந்த மாதம் வருவீர்கள் என்று கேட்டாள். அடுத்த தடைக்காலத்தில்தான் வர முடியும் என்று அவர் சொன்னார். அது என்ன என்று அவள் கேட்க, ஏப்ரல் பாதியில் தொடங்கி ஜூன் பாதி வரை என்று விளக்கினார். அவள் ஒரு தாளைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினாள். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் அந்தப் பாஸ் செல்லாது.

"நீங்க வர்ற நாள்ல இது செல்லாதுக்கா. ஒருநாள் டிக்கெட்டே எடுத்துக்கோங்க" என்றாள், பக்கத்து கவுன்ட்டருக்குக் கேட்காத குரலில். பாஸ் விற்கத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். இருந்தும் சொன்னாள்.

ஒருநாள் டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனோம். பிள்ளைகள் செயற்கை அலை அடிக்கும் குளத்தில் இறங்கினார்கள். அலை வருவதற்கு முன்னால் ஒரு சங்கு ஊதுவார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். வாழ்நாளெல்லாம் நிஜ அலையில் கிடக்கிற மனிதர், இடுப்பளவுத் தண்ணீரில் பையனைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தார். என் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை. கோபமாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நனைந்த துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தெரியாமல் கேட்டுவிட்டேன் என்று நானே ஆரம்பித்தேன்.

"நீ கேட்டதுல தப்பில்ல. அது எனக்கும் தெனமும் ஓடுறதுதான்" என்றார். "அதுக்குத்தான் அந்தக் கார்டு வேணும்னேன். பிள்ளைக போட்டோவோட ஒன்னு வீட்டுல கெடந்தா, அதுக்காகவாச்சும் திரும்பி வரணும்னு தோணும்ல."

விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுகிறார் என்று நினைத்திருந்தேன். பயமெல்லாம் எனக்கு மட்டும்தான், அவருக்குக் கடல் பழகிப்போய்விட்டது என்று பதினான்கு வருடமாக நினைத்திருந்தேன். அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். குளோரின் கண்ணில் பட்டுவிட்டதாகப் பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளித்தார்.

தடைக்காலம் முடிந்து, படகுகள் கடலுக்குப் போக முதல் அனுமதி டோக்கன் கொடுத்த அன்று, வழக்கம்போல வாசலில் நின்று "வாரேன்" என்றார். நான் தலையாட்டவில்லை. "அடுத்த மே மாசம் ரயிலுக்கு முன்னாடியே புக் பண்ணணும், மறந்துறாதீங்க" என்றேன். அவர் நின்று என்னைப் பார்த்தார். "பண்ணிருவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

இப்போதும் படகு வருகிற வரைக்கும் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. ஆனால் அதே நேரத்தில் அங்கே அவரும் எங்களை நினைத்துப் பயந்துகொண்டு கரையைப் பார்த்து வருகிறார் என்பது தெரிந்த பிறகு, அந்தப் பயத்தோடு நான் தனியாக உட்கார்ந்திருப்பதாகத் தோன்றுவதில்லை.