குறிப்புகள் எழுதும் கட்டம்

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், போர்டிக்சன் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. அங்கே நான் பெரிய கிராணி, அதாவது அலுவலகத்தின் தலைமை எழுத்தர். விதிப் புத்தகத்தில் எது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆண்டு முடிவில், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடுவது என் வேலை. மூன்று மண்டோர்களில் இருவருக்கு நான்கு. மூன்றாமவருக்கு எப்போதும் மூன்றுதான், அதாவது 'சராசரி'. நேரத்துக்கு வருவார், வம்புக்குப் போகமாட்டார். ஆனால் அவர் குழு ஏற்றிய குலைகளின் எடை தோட்டத்தின் நடு அளவைத் தாண்டியதே இல்லை. படிவத்தின் கடைசியில் 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'இல்லை' என்று எழுதிவிடுவேன். வேறு எதையாவது எழுதினால் தலைமையகம் விளக்கம் கேட்கும். 'இல்லை'க்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை.

அந்த ஆண்டு வந்த புது மானேஜர், தொடர்ந்து மூன்று ஆண்டு 'சராசரி' வாங்கியவருக்கு ஆறு மாதத் தவணை, முன்னேறாவிட்டால் மண்டோர் வேலை கிடையாது என்று உத்தரவு போட்டார். கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ஒரு பிழை இருக்காது.

அந்த மூன்றாம் மண்டோர் அதை இரண்டு முறை படித்தார்.

"கிராணி ஐயா, மூணுன்னா பாஸா, பெயிலா?"

"பாஸ்தான்."

"பாஸானவனுக்கு எதுக்கு லெட்டரு? சரி லா, எங்க சைன் போடணும், காட்டுங்க."

காட்டினேன்.

ஆறு மாதத்தில் எடை ஏறவில்லை. ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மானேஜர் என்னைக் கேட்கத்தான் செய்தார். இல்லை என்றேன். மண்டோரைக் குலை வெட்டப் போகச் சொன்னார்கள். அந்த வயதில் அரிவாள் கட்டிய நீளக் கழியைத் தூக்க முடியாமல், வேலையை விட்டுவிட்டுத் தெமியாங்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் அவருடைய ஆட்களை மற்ற இரு மண்டோர்களும் பிரித்துக்கொண்டார்கள். ஆறு பேர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். உதிரிப் பழம் பொறுக்கும் வயதான பெண்கள் நால்வர், முட்டி தேய்ந்த ஒருவர், வந்து ஒரு மாதமே ஆன வங்காளதேசத்துக்காரர் ஒருவர்.

"இதுங்கள வெச்சிக்கிட்டு நான் எப்படி டன்னு காட்டுறது?" என்றார், நான்கு வாங்கிய மண்டோர்.

யாரும் எடுக்காமல் மிஞ்சியவர்களைத் தினமும் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டவர் அந்த மூன்று வாங்கியவர்தான். அவர்களை வைத்துக்கொண்டுதான் நடுவை எட்டியிருந்தார். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது என்று சொன்னால் பொய். குழுவாரியாகப் பெயர் எழுதியவனே நான்தான். ஆட்களின் நிலையைக் குறிப்புகளில் கட்டாயம் எழுத வேண்டும் என்று விதிப் புத்தகம் சொல்கிறது. பக்க எண்ணும் எனக்குத் தெரியும்.

அந்த ஆறு பேரையும் மாத முடிவில் வேலையிலிருந்து நிறுத்தினோம். எல்லாம் முறைப்படி.

சென்ற ஆண்டு தெமியாங்கில் ஒரு காப்பிக்கடையில் அவரைப் பார்த்தேன். காவலாளிச் சீருடையில் இருந்தார். எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னார். குறை எதுவும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பழம் பொறுக்குற அக்காங்கள யாரு எடுத்துக்கிட்டா, ஐயா?"

யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்றேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

குறிப்புகள் கட்டத்தில் நான்கு வரி எழுதியிருந்தால் போதும். அந்த நான்கு வரியை இப்போது அடிக்கடி மனதுக்குள் பிழையில்லாமல் எழுதிப் பார்க்கிறேன், வாங்கிக்கொள்ளத்தான் எந்த அலுவலகமும் இல்லை.