ஈரம் தெரிந்த இடம்

கட்டடங்களில் ஒழுகல் அடைப்பது அவர் தொழில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தார் வாளி தூக்கித் தொடங்கி, இன்று ஊரின் பாதி மொட்டைமாடிகளைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார். பொறியாளர்கள் வரைபடத்தை விரித்துவைத்து முழிக்கிற இடத்தில் இவர் சுவரை இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

"ஈரம் தெரியற இடத்துல பூசறவன் மடையன். தண்ணி எங்கயோ நுழைஞ்சு எங்கயோ எட்டிப்பார்க்கும்." இதைக் கேட்காமல் தப்பித்த வாடிக்கையாளர் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரின் கையிலும் காலிலும் சிவந்த கட்டிகள் கிளம்பின. சில புண்ணாயின. கூடவே விடாத இருமல். மருந்துக்கடை வைத்திருக்கும் மச்சினன், மகாமேதை, "தார் ஒத்துக்கல மாமா" என்று களிம்பு கொடுத்தான். தேய்த்துத் தேய்த்துக் கைதான் வலித்தது.

"இதுக்கு என் தாரே மேல்டா!" என்று களிம்புக் குழாயை அவன் கடை வாசலிலேயே வீசிவிட்டு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தால், இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாக ஏதோ இருந்தது. கைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டிச் சோதித்தார்கள். முடிவைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு இவர் மகள் வயதுதான் இருக்கும்.

"இது போதாதுங்க. நுரையீரல்லயும் ஒரு துண்டு எடுக்கணும்."

"ஒரே வியாதிதானே? கையில வெட்டிட்டீங்க. படிச்ச படிப்புக்கு அதுலயே கண்டுபிடிங்க."

"நோயை எதிர்த்துச் சண்டை போடற வெள்ளை அணுக்கள்ல டி செல், பி செல்னு ரெண்டு வகை இருக்கு. தோல்ல டி செல்லாத்தான் தெரியுது. அதெல்லாம் சண்டைனு கேட்டு ஓடிவந்த கூட்டமா இருக்கலாம். என் சந்தேகம் பி செல் மேல. வைரஸ் ஒண்ணு உள்ள பூந்து அதைக் கெடுத்திருக்கும். அது கொஞ்சமாத்தான் இருக்கும், தோல்ல பல தடவை சிக்காது. எதுன்னு தெரியாம மருந்து ஏத்த முடியாதுங்க. தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து."

"கூட்டத்தைப் பிடிச்சாச்சு, திருடனைக் காணோமாம். நல்ல போலீஸ்!" என்று எழுந்து வந்துவிட்டார். கூடப் போயிருந்த மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

மறுவாரம் ஒரு வேலைக்குப் புறப்படுமுன் தார் வாளியை எடுக்கத் தன் வீட்டு மாடிக்கு ஏறினார். பாதிப் படியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். கீழே மனைவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஊரையே மடையன்னு சொன்னீங்களே! கையில தெரியறது வெறும் ஈரம். ஒழுகல் நெஞ்சுக்குள்ள. ஈரத்தையே சுரண்டச் சொல்றீங்களே, அப்ப நீங்க யாரு?"

இருமிக்கொண்டே இறங்கி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

நுரையீரல் துண்டில் திருடன் அகப்பட்டான். டி செல் கூட்டத்துக்கு நடுவே, வைரஸைச் சுமந்த பெரிய பி செல்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாக. லிம்போமட்டாய்டு கிரானுலோமாட்டோசிஸ் என்றார் டாக்டரம்மா.

"பேரைச் சொல்றதுக்குள்ள ஆள் போயிடுவான்" என்று இவர் முகத்தைச் சுளித்தார்.

பி செல்லைக் குறிவைக்கும் மருந்தை ஏற்றினார்கள். மெல்ல மெல்லக் கட்டிகள் அமுங்கின. மூச்சு இலகுவானது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது. பார்க்க வந்த மச்சினனைப் பிடித்துக்கொண்டார்.

"தார்னு சொன்ன மேதையாச்சே நீ! தோல்ல தேடாதீங்க, உள்ள பாருங்கன்னு நான்தான்டா வழி சொன்னேன். அந்தப் பொண்ணு பாவம், திணறிப் போச்சு."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவேயில்லை.

"ஆமா, மாடிப்படியில உட்கார்ந்துக்கிட்டுச் சொன்னாரு."